போர் கடந்த பங்கில் ஒரு மாலை நிலையம்: தொடங்குவோருக்கும் நடத்துவோருக்கும்

வன்னியிலோ மன்னாரின் பெருநிலப்பரப்பிலோ ஒரு கத்தோலிக்கப் பங்கைப் பொறுப்பேற்கும் குருவானவர், அங்கு அனுப்பப்படும் அருட்சகோதரி, அதே ஊரில் பிறந்து மறைக்கல்வி ஆசிரியராக இருப்பவர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பாடசாலை விட்டபின் பிள்ளைகள் வந்து படிக்கவும், தாய்மார் வந்து சற்று அமரவும், துயரம் தாங்காதவர்கள் யாரிடமாவது மனம்விட்டுப் பேசவும் கூடிய ஒரு சிறிய நிலையத்தைக் கோயில் வளவில் எப்படித் தொடங்குவது, அதை ஆண்டுக்கணக்கில் தளராமல் எப்படி நடத்துவது என்பதே இதன் பொருள். வன்னிப் பங்கு ஒன்றில் இத்தகைய நிலையத்தில் பல ஆண்டுகள் பணிசெய்தபோது கற்றவற்றையும், பிழைவிட்டுத் திருத்திக்கொண்டவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பக்தி, படிப்பு, பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொண்டுசெல்வது இந்த மண்ணின் திருச்சபைக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் மறைந்திருந்து பணிசெய்த யோசேப் வாஸ் அடிகளார், 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவிச் சனங்கள் ஊரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச்சென்று பராமரித்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களும், 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரும் கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தையும் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தையும் வைத்தே பங்குகளைக் கட்டினார்கள். 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின், பெரும்பாலான பங்குகளில் நம் கையில் எஞ்சியிருப்பது கோயில் வளவும், பாடசாலை விட்டபின் உள்ள பொழுதும்தான். அந்தப் பொழுதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பவருக்கே இந்த வழிகாட்டி.

தொடங்குமுன் நடந்து பாருங்கள்

புதிதாக வந்த முதல் மூன்று மாதங்களில் எதையும் திறக்காதீர்கள். கட்டடம் இருக்கிறது, பணம் வந்திருக்கிறது, ஆண்டு முடியுமுன் கணக்குக் காட்டவேண்டும் என்ற அவசரம் உங்களைத் தள்ளும். அதற்கு இடங்கொடுக்காமல் வீடு வீடாகப் போங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகளுக்கு மட்டும் போனால் ஊரின் ஒரு மூலையை மட்டுமே அறிவீர்கள். வன்னியின் பெரும்பாலான ஊர்களில் சைவக் குடும்பங்களே அதிகம்; 1977 இனக்கலவரத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து காடுவெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஊரின் ஓரத்தில் இருக்கும்; மன்னார்ப் பக்கத்தில் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்துக்குப் பின்னர் மீண்டுவந்த முஸ்லிம் குடும்பங்களும் இருக்கும். இந்த நான்கு வகைக் குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கக்கூடிய இடமாகவே உங்கள் நிலையம் அமையவேண்டும் என்பதை முதல் நாளிலேயே தீர்மானித்துவிடுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. முதலில் வந்து அமர்ந்தவர்கள் அந்த இடத்தைத் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்குப் போகும்போது போரைப் பற்றிக் கேட்காதீர்கள். பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தரத்தில் படிக்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பயிர் எப்படி, பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாலே போதும். இறந்தவர்கள் தாமாகவே பேச்சுக்குள் வருவார்கள். சுவரில் மாலைபோட்ட படத்தையும், மாலைபோடாத படத்தையும் கவனியுங்கள். இறந்துவிட்டார் என்று வீட்டார் ஏற்றுக்கொண்டவருக்கு மாலை இருக்கும். காணாமலாக்கப்பட்டவரின் படத்துக்குப் பெரும்பாலும் மாலை இராது. அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால், அந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது விளங்கிவிடும்.

கிராம அலுவலர், பாடசாலை அதிபர், சைவக் கோயில் பரிபாலன சபையினர், பள்ளிவாசல் நிருவாகத்தினர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் ஆகிய எல்லோரையும் நேரில் சந்தித்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் என்ன செய்யமாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்வதுதான் முக்கியம். படிப்பையோ உணவையோ மருந்தையோ காட்டி எவரையும் மதம் மாற்றமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். விசுவாசத்தை ஏற்கும்படி எவரையும் வற்புறுத்துவதையும், தகாத வழிகளில் கவர்ந்திழுப்பதையும் திருச்சபை கண்டிப்பாகத் தடைசெய்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மறைபரப்புப் பணி பற்றிய ஆணையில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. ஆகவே இது நமக்கு நாமே போட்டுக்கொண்ட விட்டுக்கொடுப்பு அல்ல; நம் விசுவாசத்தின் கட்டளை.

இடமும் நேரமும்

நிலையத்தைக் கோயிலுக்குள் நடத்தாதீர்கள். சைவ, முஸ்லிம் பிள்ளைகளின் பெற்றோருக்கு அது தயக்கத்தைத் தரும். நம் பிள்ளைகளுக்கும் பீடத்தின் முன்னால் கணக்குப் பிழைத்துத் திட்டு வாங்கும் நிலை வரக்கூடாது. மறைக்கல்வி மண்டபமோ, பங்குமனையின் அகன்ற விறாந்தையோ, கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலோ போதும். இரண்டு வாசல்கள் இருக்கவேண்டும். வெளியே போகும் வழி எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும். மூடிய அறையில் அமர முடியாத தாய்மாரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பதுங்குகுழிக்குள் மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கு ஒற்றைக் கதவு அறை மூச்சை அடைக்கும். அவர்கள் விறாந்தையின் ஓரத்தில், சுவருக்கு முதுகு கொடுத்து அமர்வதற்கு ஒரு வாங்கு போட்டுவையுங்கள். உள்ளே வந்து அமரும்படி அழைக்கவேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, பாடசாலை விட்டு வந்து, குளித்து, எதையாவது சாப்பிட்டபின் பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கி, ஐந்தேமுக்காலுக்குள் முடித்துவிடுங்கள். இருட்டியபின் பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பக்கூடாது. காட்டோர ஊர்களில் யானைப் பயமும் உண்டு. வாரத்தில் எத்தனை நாள் நடத்த முடியும் என்பதை உண்மையாகக் கணக்கிட்டு, முடிந்த நாள்களை மட்டும் அறிவியுங்கள். ஐந்து நாள் என்று அறிவித்து இரண்டு நாள் பூட்டிக்கிடப்பதைவிட, மூன்று நாள் என்று அறிவித்து மூன்று நாளும் திறந்திருப்பது எவ்வளவோ மேல். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே பாதையால் தென்மராட்சிக்கு நகர்ந்தது முதல், 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டது வரை, இந்தச் சனங்களுக்கு நாளைக்கு இருக்கும் என்று நம்பிய ஒவ்வொன்றும் இல்லாமற்போயிருக்கிறது. நாளைக்கும் அதே நேரத்தில் அந்தக் கதவு திறந்திருக்கும் என்ற உறுதி அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய முதல் மருந்து. மழை கொட்டினாலும், ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் திறவுங்கள்.

ஒலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கொடியேற்றத்துக்கும் திருவிழாவுக்கும் வெடி கொளுத்துவது நம் ஊர்களின் வழக்கம். எங்கள் பங்கில் பேசிப்பேசி இரண்டு ஆண்டுகளில் அதை நிறுத்தினோம். பதிலாக மேளமும் பாண்ட் வாத்தியமும் வைத்தோம். எதிர்ப்பு இருந்தது. ஆனால் வெடிச்சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் மதிலுக்குப் பின்னால் குந்திய ஒரு தாயை எல்லோரும் கண்டபின்னர், எதிர்த்தவர்களே முன்னின்று நிறுத்தினார்கள்.

படிப்பு

இன்று பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் போர் முடிந்தபின் பிறந்தவர்கள். அவர்கள் செல்லடியைக் கண்டதில்லை. ஆனால் படிப்பு இடையில் அறுந்துபோன தாய்க்கும், குடியில் துயரத்தை மறக்கப்பார்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைகளாக இருக்கிறார்கள். அல்லது தகப்பன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் வளர்கிறார்கள். வீட்டில் கொப்பியைத் திறந்து பார்த்துப் படிப்பிக்க ஆள் இல்லை. நுண்கடன் தவணைக்காகத் தாய் விடிய முன் கூலிக்குப் போய்விடுகிறாள். ஆகவே நம் வேலை பாடசாலையில் நடப்பதை மறுபடி நடத்துவதன்று. வாசிக்கத் தெரியாமல் தரம் 6க்கு ஏறிய பிள்ளையை வாசிக்கவைப்பதே முதல் வேலை.

பிள்ளை வந்த முதல் வாரத்தில் தரத்தைக் கேட்காமல் ஒரு சிறு கதையை வாசிக்கச் சொல்லுங்கள்; பத்துக் கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். அதைக்கொண்டு குழுப் பிரியுங்கள். தரம் 8 பிள்ளையும் தரம் 4 பிள்ளையும் ஒரே குழுவில் அமரலாம், ஆனால் அந்தக் குழுவுக்கு இலக்கம் போடாமல் மரங்களின் பெயர் வையுங்கள். எங்களிடம் பாலை, வீரை, முதிரை என்று மூன்று குழுக்கள் இருந்தன. எது மேல், எது கீழ் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பை நடத்தும்படி பெற்றோர் உங்களை நெருக்குவார்கள். அதை நடத்தலாம், ஆனால் அது நிலையத்தையே விழுங்கிவிட விடாதீர்கள். அந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு வேறு வழிகளும் கிடைக்கும், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

கற்பிப்பவர்களை ஊருக்குள்ளிருந்தே எடுங்கள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு மாதாந்தம் ஒரு சிறு தொகையாவது கொடுங்கள். சேவை என்ற பெயரில் ஏழைப் பிள்ளையின் உழைப்பை இலவசமாக வாங்குவது நியாயமன்று. சாதாரண தரத்தில் சித்தியெய்தாத இளைஞருக்குத் தொழிற்பயிற்சிக்கான வழியைத் தேடிக்கொடுங்கள். மட்டக்களப்பில் இயேசு சபையினர் இதை நெடுங்காலமாகச் செய்துவந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி, இளைஞருக்குத் தொழில் கற்கும் வழியையும் காட்டிய அருட்தந்தை ஏபேர் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். பிள்ளைகளின் படிப்புக்காக அந்தப் பாதையில் ஓடித்திரிந்தவர்களின் வரிசையில்தான் நாமும் நிற்கிறோம் என்பதை நிலையத்தின் ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள்.

மனத்தை ஆற்றுவது

இந்தப் பகுதியில்தான் நல்ல மனத்தோடு பெரிய பிழைகள் நடக்கின்றன. நானும் ஒன்றைச் செய்தேன். 2010இல், மீள்குடியேறிய சில மாதங்களில், பயிற்சிப் பட்டறை ஒன்றில் கேட்டதை அப்படியே நம்பி, பிள்ளைகளுக்குத் தாளும் நிறப்பென்சிலும் கொடுத்து, மறக்க முடியாத நாளை வரையச் சொன்னேன். பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஒரு கடற்கரையை வரைந்தாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துத் தாள் கிழியும்வரை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளும் வரைவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதன்பின் நான்கு மாதம் வரவேயில்லை. திரும்பி வந்தபோதும் நிறப்பென்சில் பெட்டியைத் தொடமாட்டாள். அவளிடமிருந்து அந்த நாளை வெளியே எடுத்த எனக்கு, அதைத் திரும்ப உள்ளே வைத்து மூட உதவும் அறிவு இருக்கவில்லை.

அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: துயர்ப்பட்டவரை அந்தத் துயரத்தைச் சொல்லும்படி தூண்டாதீர்கள். பேரிடருக்குப் பின்னர் எல்லோரையும் ஒரே அமர்வில் இருத்தி நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் ஏற்பதில்லை. பாதுகாப்பு, உறவு, செய்வதற்கு ஒரு வேலை, நாளாந்த ஒழுங்கு ஆகியவை கிடைத்தால் பெரும்பாலானோர் காலப்போக்கில் தாமாகவே தேறுகிறார்கள். சிலருக்குக் கூடுதல் ஆதரவு வேண்டும். ஒரு சிறு தொகையினருக்கே வைத்தியம் வேண்டும். நிலையத்தின் வேலை முதலாவதை நன்றாகச் செய்வதும், இரண்டாவதைப் பயிற்சிபெற்ற உளவளத்துணையாளரிடம் கொடுப்பதும், மூன்றாவதைத் தாமதமின்றி இனங்கண்டு வைத்தியரிடம் அனுப்புவதுமாகும்.

இனங்காண்பதற்கு நம் சனங்களின் சொற்களைத் தெரிந்திருக்கவேண்டும். தமக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று எவரும் வந்து சொல்லமாட்டார்கள். “நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது”, “தலை விறைக்குது”, “ஒரே யோசனை” என்றுதான் சொல்வார்கள். யோசனை என்ற அந்தச் சொல்லுக்குள் நித்திரையில்லாமையும் பழையதைத் திரும்பத்திரும்ப நினைப்பதும் அடங்கியிருக்கும். சாப்பாடும் நித்திரையும் வாரக்கணக்கில் குலைந்தால், பிள்ளையைப் பார்க்க முடியாமற்போனால், குரல்கள் கேட்பதாகச் சொன்னால், செத்துவிடலாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், செபித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உடன் சென்று மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ விறாந்தைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். மருந்து எடுப்பவர் செபிக்கலாம், செபிப்பவர் மருந்து எடுக்கலாம் என்பதைப் பிரசங்கத்திலேயே சொல்லுங்கள். பீடத்திலிருந்து அதைக் கேட்டபின்னரே எங்கள் ஊரில் சிலர் வைத்தியரிடம் போகச் சம்மதித்தார்கள்.

வடக்கில் போருக்கு நடுவே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்களும் அவருடன் இருந்தவர்களும் காட்டிய ஒரு வழி இன்றும் பயன்படுகிறது. மூச்சை மெதுவாக இழுத்து விடும்போது, அவரவர் சமயத்தில் பழகிய ஒரு சிறு மந்திரத்தையோ செபத்தையோ திரும்பத்திரும்பச் சொல்லிக்கொள்வதே அது. கத்தோலிக்கர் செபமாலை மணியை உருட்டலாம், சைவர் ஓம் என்று சொல்லலாம், முஸ்லிம் தமக்குப் பழகிய திக்ரைச் சொல்லலாம். தாய்மார் கூடும் நாளில் பத்து நிமிடம் இதைச் செய்யுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், ஆனால் அவரவர் சொல்லோடு செய்வது வழக்கமானபின், அந்தப் பத்து நிமிட அமைதிக்காகவே வருபவர்கள் இருப்பார்கள்.

அந்தக் கூடுகைக்குத் துயர்பகிர்வு என்று பெயர் வைக்காதீர்கள். பனையோலை பின்னுவது, தைப்பது, வடகம் போடுவது என்று கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். கை வேலைசெய்யும்போது வாய் தானாகத் திறக்கும். கண்ணைப் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயமும் இராது. சாப்பிடக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒருநாள் கஞ்சி வைத்தோம். ஒரு தாய் சிரட்டையைக் கையில் வாங்கியதும் அழத்தொடங்கிவிட்டாள். போரின் கடைசி நாள்களில் முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று வாங்கிய உப்பில்லாக் கஞ்சி அது. அதன்பின் பயறு அவித்தோம், தேநீர் கொடுத்தோம். மே மாதத்தில் மட்டும், தாய்மாரே கேட்டுக்கொண்டதால், கஞ்சி வைத்தோம்.

விசுவாசம்

கூடுகை முடிந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மட்டும் நிற்கும்போது, நம் வழிபாட்டு மரபு எவ்வளவு ஆழமான ஆறுதலை வைத்திருக்கிறது என்பதைப் பயன்படுத்துங்கள். தவக்காலத்தில் ஓதும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கமும் பசாமும் ஒப்பாரி ராகத்திலேயே நகர்வதைக் கவனித்திருப்பீர்கள். மகனை மடியில் கிடத்திய தாயின் அழுகையைப் பாடும்போது, தன் மகனுக்காக வெளியில் அழ முடியாத தாய் அதற்குள் நின்று அழுகிறாள். ஆகவே நேரம் போகிறது என்று அவற்றைச் சுருக்காதீர்கள். மன்னாரின் நாட்டுக்கூத்து மரபும் அப்படியே. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் ஊரில் உயிரோடு இருந்தால், இளைஞரை அவரிடம் அனுப்பிப் பழகவிடுங்கள். ஆறு மாதம் இரவுகளில் ஒன்றாக ஆடிப் பழகிய இளைஞரிடையே வரும் உறவை எந்தப் பயிற்சிப் பட்டறையும் தராது.

மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம், திருப்பலியில் எவருக்காக மன்றாடவேண்டும் என்று சனங்கள் எழுதிவைக்கும் திருப்பலிக் கருத்துக் கொப்பி. எங்கள் கோயிலின் கொப்பியில் மூன்று நிரல்கள் இருந்தன: நன்றியாக, சுகம் வேண்டி, ஆன்ம இளைப்பாற்றிக்காக. 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு, அதன்பின் எந்தத் தகவலும் இல்லாத மகனின் பெயரை எழுத ஒரு தாய் வந்தார். மூன்றாவது நிரலில் எழுதினால் அவன் இறந்துவிட்டான் என்று தன் கையாலேயே எழுதியதாகிவிடும். சுகம் வேண்டி என்று எழுதினால், ஊர் பரிதாபமாகப் பார்க்கும். பேனையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, எழுதாமலே போய்விட்டார். அடுத்த கிழமை நாங்கள் நான்காவது நிரல் ஒன்றைக் கோடிட்டு, “காத்திருப்பவர்களுக்காக” என்று எழுதினோம். முதல் மாதத்திலேயே அந்த நிரல் நிறைந்தது. சைவத் தாய்மாரும் வந்து பெயர் கொடுத்தார்கள்.

அந்த நிரலில் உள்ளவர்களை மரித்தோருக்கான மன்றாட்டில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் எல்லோரும் கல்லறைகளுக்குத் திரி ஏற்றும்போது, கல்லறையே இல்லாதவர்களின் உறவினர் நிற்பதற்குச் சிலுவையடியில் ஓர் இடம் ஒதுக்குங்கள். வர விரும்பாதவரை அழைக்கவேண்டாம். இனி ஏற்றுக்கொள்ளுங்கள், மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று குருவானவர் சொல்லக்கூடாது. மன்னிப்பு கிறிஸ்தவனுக்குக் கடமைதான்; ஆனால் என்ன நடந்தது என்பதே சொல்லப்படாத ஒருவரிடம் அதைக் கேட்பது அவர்மேல் இரண்டாவது சுமையை ஏற்றுவதாகும். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சென்று, அரச செயலகங்களின் குடித்தொகைக் கணக்குகளையே ஆதாரமாக வைத்து, கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் மேய்ப்புப் பணியே.

நடைமுறையில் உதவக்கூடிய ஒன்றும் உண்டு. காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காணி, வங்கிக் கணக்கு முதலிய அலுவல்கள் நடக்கும் என்ற நிலை முன்னர் இருந்தது. 2016இன் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. எதைப் பெறுவது, அல்லது எதையும் பெறாமல் இருப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. நீங்கள் படிவத்தை விளக்கலாம், பிரதேச செயலகத்துக்கு உடன் போகலாம். எது நல்லது என்று சொல்லவேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் கூட்டிக்கொண்டு மடு மாதா கோயிலுக்குப் போங்கள். 1999 நவம்பரில் அடைக்கலம் தேடியிருந்தவர்கள்மேல் செல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்ததும் அங்கேதான். 2008 ஏப்ரலில் மாதாவின் சுரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனதும் அங்கிருந்துதான். அன்னையும் நம்மைப்போல அகதியாகப் போய்த் திரும்பி வந்தவர் என்று வயதான அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் கேட்டிருக்கிறேன். ஓகஸ்ட் திருவிழாவில் தெற்கிலிருந்து வரும் சிங்களக் கத்தோலிக்கரும் அதே காட்டில் கூடாரமடித்துச் சமைப்பார்கள். பிள்ளைகளைப் பிடித்துக் கைகோக்கவைத்துப் படமெடுக்காதீர்கள். பக்கத்துக் கூடாரத்தில் உப்பு வாங்கிவரச் சொல்லி அனுப்புங்கள்; பேச்சு அங்கே தொடங்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

வளர்ந்தவர் எவரும், குருவானவராக இருந்தாலும், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது. இந்த விதியை எழுதி ஒட்டுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நடந்திருப்பதாக அறிந்தால், குடும்ப மானம், பங்கின் பெயர், சபையின் பெயர் என்று எதையும் பார்க்காமல், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்துக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உத்தியோகத்தருக்கும் அறிவிக்கவேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எங்கும் சொல்ல முடியாது என்பதால், பாவசங்கீர்த்தனம் கேட்பவரும் உளவளத்துணை வழங்குபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. இருந்தால் இரண்டும் கெடும். உதவி தருபவர்களுக்கு அனுப்புவதற்காகப் பிள்ளைகளின் முகத்தையும் அவர்களின் கதையையும் படமெடுக்க விடாதீர்கள். பணம் குறைந்தாலும் பரவாயில்லை.

பணிசெய்பவர்களும் காயப்பட்டவர்களே

வங்காலைப் பங்கில் இருந்த மேரி பஸ்தியன் அடிகளார் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டிப் பங்கின் ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஓகஸ்டில் காணாமற்போனார். இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளராக இருந்த பாக்கியறஞ்சித் அடிகளார், 2007 செப்டெம்பர் 26ஆம் திகதி இடம்பெயர்ந்தவர்களுக்கான பொருள்களை ஏற்றிச்சென்ற வழியில் கிளைமோர்க் கண்ணிவெடி வெடித்து இறந்தார். இவர்களோடு பணிசெய்தவர்கள், இவர்களிடம் படித்தவர்கள் இன்றும் நம் மடங்களிலும் பங்குமனைகளிலும் இருக்கிறார்கள். மற்றவரின் துயரத்தைக் கேட்கும் அவர்களுடைய துயரத்தைக் கேட்க எவரும் இல்லை. ஆகவே நிலையத்தில் பணிசெய்யும் எல்லோரும் மாதத்தில் ஒருநாள் வெளியிலிருந்து வரும் அனுபவமுள்ள ஒருவரோடு கூடிப் பேச ஒழுங்குசெய்யுங்கள். ஆண்டுக்கு இரண்டு கிழமை விடுப்புக் கட்டாயம் என்று வையுங்கள். தியாகம் என்று சொல்லி அதை விட்டுக்கொடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். நித்திரையில்லாமல் எரிந்துவிழும் அருட்சகோதரியால் பிள்ளைகளுக்கு நன்மை வராது.

மாற்றம் வரும்போது

குருக்களும் கன்னியரும் சில ஆண்டுகளில் மாற்றமாகிப் போவார்கள். நிலையங்கள் பெரும்பாலும் அப்போதுதான் சாகின்றன. முதல் ஆண்டிலேயே ஊராரில் ஐந்து பேரைக் கொண்ட குழு ஒன்றை அமைத்து, அதில் இருவராவது கத்தோலிக்கர் அல்லாதவராகவும், மூவராவது பெண்களாகவும் இருக்கும்படி பாருங்கள். வங்கிக் கணக்கு, சாவி, வரவு இடாப்பு ஆகிய மூன்றும் இந்தக் குழுவின் பொறுப்பில் இருக்கவேண்டும். நீங்கள் போவதைப் பிள்ளைகளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே சொல்லுங்கள். ஒருநாள் திடீரென்று ஆள் இல்லாமற்போவதை அவர்களின் வீடுகள் போதிய அளவு கண்டுவிட்டன. புதிதாக வருபவரைக் குறைந்தது ஒரு மாதமாவது உங்களோடு நடக்கவிடுங்கள், வீடு வீடாக, அதே சைக்கிளில்.

அந்த இடாப்பைக் கையளிக்கும்போது அதன் கடைசிப் பக்கத்தையும் காட்டுங்கள். ஒவ்வொரு மாலையும் ஐந்தரைக்குப் பெயர் கூப்பிட்டு, வராத பிள்ளையின் பெயரை அங்கே எழுதி, மறுநாள் காலையில் யார் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று பக்கத்தில் குறிப்பதே எங்கள் வழக்கம். போனவர் திரும்பி வந்து, காய்ச்சல், மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான், மாடு பார்க்க நின்றுவிட்டான் என்று கண்டதை எழுதிக் கையெழுத்திடுவார். அந்த நிரலில் வெற்றிடம் இருந்தால், நிலையத்தைத் திறக்குமுன் அந்த வீட்டுக்குப் போங்கள்.